தாமஸ் என்று ஒருவர் அங்கே இல்லை, மாமா

ஏழுமலை மாமா,

நீங்கள் இருக்கிற இடத்தில் வெயில் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். இங்கே சித்திரை பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் ராஜகிரிப் பாறையில் கால் வைக்க முடியவில்லை. ஒன்பது மணிக்கு மேல் ஏற வருகிறவர்களிடம் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

போன வைகாசியில் நீங்கள் கண்ணை மூடிய பிறகு நடந்த பெரிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதைப் பேப்பருக்கு எழுதி அனுப்பிய கையோடு, பழக்கத்தில் உங்கள் எண்ணுக்குப் போன் செய்துவிட்டேன். அக்காதான் எடுத்தாள். நாற்பது வருஷம் அந்தக் கோட்டையில் கைடாக ஏறி இறங்கியவர் நீங்கள். கேட்டிருந்தால், “எனுக்கு அப்பவே தெரியும் மச்சான், அவனுங்களுக்கு இப்பதான் தெரிஞ்சிருக்குது” என்று சொல்லியிருப்பீர்கள்.

இந்தக் கடிதத்தைப் பாசத்தோடு தொடங்கியிருக்கிறேன். பாசத்தோடு முடிப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

நாளை மறுநாள் ஏப்ரல் இருபத்து மூன்று. இங்கிலாந்துக்காரர்களின் காவல் புனிதரான ஜார்ஜின் நாள். இருபத்தாறு வருஷமாக அந்த நாளில் நீங்கள் பஸ் ஸ்டாண்டு பூக்கடையில் ஒற்றைச் சிவப்பு ரோஜா வாங்கி, சைக்கிளில் சிங்கவரம் சாலைக்குப் போவீர்கள். மல்லாட்டைக் கொல்லை ஓரத்தில் காரை பெயர்ந்து நிற்கும் அந்த வெள்ளைக்காரச் சமாதியின் மேல் பூவை வைப்பீர்கள். நான் பின்னாலேயே வண்டியில் வந்து ஒரு படம் எடுப்பேன். மறுநாள் பேப்பரில் வரும்: “செஞ்சி அருகே ஆங்கிலேயச் சிப்பாய் தாமஸ் சமாதியில் மலரஞ்சலி. இங்கிலாந்தில் உள்ள அவரது குடும்பத்தினரின் வேண்டுகோளின்படி ஆண்டுதோறும்...”

அந்த வாக்கியத்தை இருபத்தாறு முறை எழுதியிருக்கிறேன். ஒரு முறைகூட மாற்றி எழுதத் தோன்றவில்லை. உண்மையை எதற்கு மாற்ற வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

முதல் வருஷம் கோட்டை வாசல் டீக்கடையில் உட்கார்ந்து நீங்கள் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. சீமையிலிருந்து ஒரு குடும்பம் உங்களுக்கு லெட்டர் போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். அவர்களுடைய முன்னோர் ஒருவர் இந்தக் கோட்டையில் சிப்பாயாக இருந்து இங்கேயே இறந்தார், தங்கள் புனிதர் நாளில் அவருக்கு ஒரு சிவப்பு ரோஜா வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள் என்றீர்கள். நான் நோட்டை எடுத்தேன். பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டேன்.

“லெட்டர்ல எப்படி இருக்குது மாமா, சரியா சொல்லுங்க. பேரு தப்பா வந்துடக் கூடாது.”

“தாமஸு. அப்படித்தான்யா இருக்குது.”

“அந்த ஜார்ஜுன்றது யாரு?”

“இன்னா மச்சான், பேப்பர்காரன்ற, இது தெரியாதா? மெட்ராஸ்ல கவர்மென்ட்டு நடக்குதே கோட்டை, அது யார் பேருல இருக்குது? நம்ம ரேஷன் கார்டுலருந்து பஸ் ரூட்டு வரைக்கும் ஆர்டரு அவரு கோட்டையிலருந்துதான வருது. அவருக்கு ஒரு பூ வெச்சா கொறஞ்சா பூடுவோம்?”

டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன். பிறகு டேப் கொண்டுபோய்ச் சமாதியின் நீளம், அகலம், உயரம் அளந்தேன். கல்லில் எழுத்து தேய்ந்துபோய் ஒன்றும் படிக்க முடியவில்லை என்று குறித்துக்கொண்டேன். அந்த லெட்டரைக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

போன மாதம் ஆபீஸிலிருந்து போன் வந்தது. செய்திப் பிரிவில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், கெட்டிக்காரி. “சார், அந்த ரோஸ் ஸ்டோரி வருஷா வருஷம் வருமே, இந்த வருஷம் உங்க மாமா இல்லாம முதல் வருஷம் இல்லையா? கொஞ்சம் பெரிசா பண்ணலாம் சார். லண்டன் ஃபேமிலி என்ன சொல்றாங்கன்னு ஒரு கோட் வாங்குங்க” என்றாள்.

அவள் கேட்டதில் தவறே இல்லை. நானே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் பூ வைத்தவர் இறந்துவிட்டார் என்பதை அந்தக் குடும்பத்துக்கு யாராவது சொல்ல வேண்டாமா? செய்திக்கு முன்னால் அது ஒரு மரியாதை. அட்ரஸ் வாங்க உங்கள் வீட்டுக்குப் போனேன்.

அக்கா கூடத்தில் மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். “அக்கா, அந்த லண்டன்காரங்க லெட்டரு எங்க இருக்குது? மாமா போய்ட்டாருன்னு ரெண்டு வரி எழுதணும்” என்றேன்.

“இன்னா லெட்டரு?”

“தாமஸ் குடும்பத்து லெட்டருக்கா.”

“அப்படி ஒண்ணும் இல்லடா.”

“தொலஞ்சிடுச்சா?”

“வந்தாத்தான தொலையறதுக்கு.”

தோலை ஊதிவிட்டு அடுத்த காயை எடுத்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். “உக்காரு” என்றாள். நான் உட்காரவில்லை. அவள் சுவரைப் பார்த்துக் கை நீட்டினாள். காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் உங்கள் வெயில் தொப்பி, வெள்ளைத் துணித் தொப்பி, தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் மலைக்குப் போட்டுப்போய், பழுப்பேறி, விளிம்பு நைந்த அதே தொப்பி. “அத எடுத்து உள்ள பாரு.”

உள்பட்டையில், இங்க் பேனாவால், அழிந்தும் அழியாமலும் எழுதியிருந்தது: தாமஸ்.

பிறகு அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இந்த முறை எழுத்து எழுத்தாகக் கேட்டுக்கொண்டேன்.

“ஒரு சித்திரையில ஒரு வெள்ளைக்காரன் வந்தான். சட்டையில ரோஜாப்பூ குத்திக்கினு மலை ஏறுனானாம். இன்னாத்துக்குய்யா பூவுன்னு கேட்டிருக்காரு. எங்க நாட்டு சாமி நாளுன்னானாம். போவும்போது தொப்பிய இவுருக்குக் குடுத்துட்டுப் பூட்டான். அவ்ளோதான். அவன் பேருதான் தாமஸு. அப்பறம் அந்தக் கொல்லைக்காரன் மனை போட்டு விக்கப் பாத்தான். சமாதிய இடிச்சிட்டா ரெண்டு மனை கூட வரும். உங்க மாமாவுக்கு மனசு கேக்கல. தாலுகா ஆபீசுக்குப் போயி, சீமையிலருந்து லெட்டரு வருது, இடிக்கக் கூடாதுன்னாரு. ஆதாரம் இன்னா இருக்குதுன்னு கேட்டாங்க. அடுத்த வாரம் உன் பேப்பர எடுத்துக்கினு போனாரு.”

“என் பேப்பரையா?”

“பின்ன? நீ போட்டா நெசம்தான்னு ஆபீசுக்கே தெரியுமில்ல.”

கொல்லைக்காரர் சமாதியை விட்டுவிட்டுத்தான் மனைக்கல் நட்டார். அதை வெற்றி என்று நினைத்து நானே ஒரு செய்தி எழுதியிருக்கிறேன். பஞ்சாயத்தில் பச்சை போர்டு வைத்து, மஞ்சள் பெயிண்டில் தாமஸ் என்று எழுதினார்கள். அந்தப் பெயரில் எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துக்கொண்டவனும் நான்தான். தன் ஊருக்குத் திரும்பிப் போன ஒரு சுற்றுலாப் பயணியின் பெயரை, அவர் உயிரோடு இருக்கும்போதே, நம் ஊர்ச் சமாதியில் எழுதிவைத்துவிட்டோம் மாமா.

எனக்கு வந்த கோபத்தில் அக்காவிடம்தான் கத்தினேன். “உனக்குத் தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லல?”

“ஊர்ல எல்லாரையும் ஆதாரம் ஆதாரம்னு கேக்குறியே, அவர ஒரு வாட்டி அந்த லெட்டர காட்டுன்னு கேட்டியா? கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு.”

“மாமாவ எப்படிக்கா கேக்கறது?”

“அதத்தான்டா அவரும் சொன்னாரு. மூர்த்தி என்னக் கேக்க மாட்டான்னு.”

மல்லாட்டைத் தோலெல்லாம் தரையில் பரவிக் கிடந்தது. நான் தொப்பியை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

என்னைப் பெற்ற நைனா இறந்த பிறகு உங்கள் வீட்டில்தான் நான் சாப்பிட்டேன். அக்கா சோறு போடும்போது, “அவனுக்கு ரெண்டு கரண்டி கூட வையி, நாயா அலையறான்” என்று சொன்னது நீங்கள். அப்படிச் சொன்னவரிடம் போய் லெட்டர் எங்கே என்று எந்த மச்சான் கேட்பான்? கேட்கமாட்டான் என்று உங்களுக்குத் தெரியும். அதை எண்ணித்தான் செய்தீர்கள். நீங்கள் தாலுகா ஆபீஸில் பொய் சொன்னதை என்னால் தாங்கிக்கொள்ள முடிகிறது. சுற்றுலா வந்தவர்களிடம் குளத்து ஆழத்தையும் யானைகளின் எண்ணிக்கையையும் கூட்டிச் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும், எல்லா கைடும் செய்வதுதான். ஆனால் ஊரில் அத்தனை பேர் இருக்க, உங்கள் பொய்யைச் சுமக்க என்னைத் தேர்ந்தெடுத்தீர்களே?

ஒரு செய்திக்கு இரண்டு ஆதாரம் இல்லாமல் நான் எழுதமாட்டேன் என்று நம் குடும்பத்தில் நன்றாகத் தெரிந்தவர் நீங்கள். எம்.எல்.ஏ. போன் செய்து திட்டியபோதும், மணல் லாரிக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோதும் நான் தலை நிமிர்ந்து நின்றது அந்த ஒரு பழக்கத்தால்தான். என் நோட்டுகளை எல்லாம் அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். அதில் இருபத்தாறு பக்கம் பொய். எந்த இருபத்தாறு என்று தெரிவது ஒரு ஆறுதலா, மாமா?

போன வாரம் இன்னொன்று நடந்தது. கோட்டை வாசல் புளியமரத்தடியில் ஒரு இங்கிலாந்துக்கார அம்மா காருக்காகக் காத்திருந்தார். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் அரைகுறை ஆங்கிலத்தில், உங்கள் ஊரில் ஜார்ஜ் நாளை எப்படிக் கொண்டாடுவீர்கள் என்று கேட்டேன். நம் ஊர் ஆடிக் கிருத்திகை மாதிரி இருக்கும், வெளியூரில் இருக்கிறவர்களெல்லாம் வீட்டுக்கு வருவார்கள், போன பெரியவர்களுக்குப் பூ வைப்பார்கள் என்றுதான் நீங்களும் நானும் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாட்டுக்கே சாமி நாள் என்றால் நமக்கு வேறு எப்படித் தோன்றும்?

அவர் யோசித்தார். அது எந்தத் தேதி என்று என்னிடமே கேட்டார்.

அன்றைக்கு அங்கே லீவு கிடையாதாம். சில ஊர்களில் ஊர்வலம் உண்டாம். அவர் தெருமுனை மதுக்கடையில் ஒரு கொடி கட்டுவார்களாம். பக்கத்துத் தேசமான அயர்லாந்தின் புனிதர் நாளுக்கு அவர்கள் ஊரிலேயே அதைவிட ஆட்டம் பாட்டம் அதிகமாம். வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட ஜார்ஜ் கொடி கால்பந்து நடக்கும்போது எல்லா ஜன்னலிலும் தொங்குமாம். மற்ற நாளில் ஒரு வீட்டில் தொங்கினால், இந்த வீட்டுக்காரர் வெளியிலிருந்து வந்து குடியேறினவர்களை வெறுக்கிறவரோ என்று அக்கம்பக்கத்தில் சந்தேகப்படுவார்களாம். “என் நாட்டுக் கொடியை என் வீட்டில் கட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கூச்சப்படுகிறோமே என்றும் கூச்சமாக இருக்கிறது” என்றார். அந்தப் புனிதர் இங்கிலாந்தில் பிறக்கவும் இல்லை, அந்த மண்ணில் கால் வைக்கவும் இல்லை என்று தன் மகன் கேலி செய்வான் என்றும் சொன்னார்.

“அப்படியென்றால் அந்த நாள் உங்களுக்கு இனி வேண்டாமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்” என்றார். “ஆனால் வேறு யாராவது வந்து வேண்டாம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.”

அந்தப் பதிலை நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு நாட்டு ஜனங்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற விஷயத்தில் இதைவிட நேர்மையான பதில் கிடைக்காது என்று தோன்றியது. நம்மை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோட்டைக்காகச் சண்டை போட்டு இளவயதில் குதிரையோடு செத்துப்போன நம் ராஜா வடக்கேயிருந்து வந்த குடும்பம், அவர் வீட்டில் பேசியது தமிழ் இல்லை. ஆனால் கடைக்கும் பள்ளிக்கும் பிள்ளைக்கும் அவர் பெயரை வைக்கிறோம். அவர் செத்த நாள் எது என்று பஸ் ஸ்டாண்டில் நின்று பத்துப் பேரைக் கேட்டுப் பார்த்தேன். பதினோராவது ஆளாக என்னைக் கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது. அவர் நம்ம ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் மட்டும் அத்தனை பேரும் அடிக்க வருவோம்.

அந்த அம்மாவிடம் உங்கள் ரோஜாவைப் பற்றிச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சமாதியைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் கார் வந்ததும் இருவரும் அதிலேயே போனோம். அவர் அந்தத் தேய்ந்த கல்லைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “இவர் இங்கிலாந்துக்காரர்தான் என்று எப்படித் தெரியும்? ஸ்காட்லாந்துக்காரராக இருக்கலாம். உங்கள் கோட்டையில் ஆங்கிலேயருக்கு முன்னால் பிரெஞ்சுக்காரர்கள் இருந்ததாகப் போர்டில் படித்தேனே, பிரெஞ்சுக்காரராகக்கூட இருக்கலாமே?” என்று கேட்டார்.

நானும் அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தேன் மாமா. இருபத்தாறு வருஷமாக ஒரு பிரெஞ்சுக்காரன் தலைமாட்டில் அவன் எதிரியின் சாமிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தோமோ? பேரும் பொய், லெட்டரும் பொய், குடும்பமும் பொய். கடைசியில் அந்த நாளும் அவர்களுக்கே பாதி மறந்துபோன நாள். நீங்கள் இருந்திருந்தால் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்திருப்பேன், பொய் என் பெயரில் அச்சாகியிருக்காவிட்டால்.

திருத்தம் போட வேண்டும் என்று முடிவு செய்தேன். அக்காவிடம் சொல்லாமல் போட மனமில்லை. போய்ச் சொன்னேன்.

“நீ போட்ட மறுநாளே ஜேசிபி வரும். இப்ப அந்தப் பக்கம் மனை இன்னா வெல விக்குது தெரியுமா?”

“வரும்தான்.”

“அந்தக் கல்லுக்காவத்தான உங்க மாமா இத்தினி வருஷம் பொய்யச் சுமந்தாரு.”

“நான்தான்க்கா சுமந்தேன். அவரு பூவத்தான் சுமந்தாரு.”

அக்கா தொப்பி தொங்கிய ஆணியைப் பார்த்தாள். பிறகு, “போடு. ஆனா அவரு செஞ்சதையும் போடு. ஒரு வருஷம் அவரு காய்ச்சல்ல கெடந்தப்பகூட என்னப் பின்னால உக்கார வெச்சிக்கினு சைக்கிள் மிதிச்சாரு, அதையும் போடு” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்த வருஷம் நீ போட்டோல என்ன வெட்டிட்ட” என்றாள்.

உண்மைதான். அந்த வருஷப் படத்தில் அக்கா ஓரத்தில் நின்றாள். குடும்பத்தார் படம் செய்தியில் வரக் கூடாது என்று வெட்டினேன். அவ்வளவு கறாராக இருந்திருக்கிறேன்.

ஆபீஸில் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “சார், அப்ப ஸ்டோரி இல்லையா?” என்றாள். ஸ்டோரிக்குப் பதில் மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், அதே நாளில், அதே இடத்தில் போடுங்கள் என்று கேட்டேன். அதனால் இதை உங்களோடு சேர்ந்து படிக்கிறவர்கள் இதையே திருத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டும். சிங்கவரம் சாலைச் சமாதியில் இருப்பவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. அங்கே பூ வைக்கச் சொல்லி இங்கிலாந்திலிருந்து யாரும் கடிதம் எழுதவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் பூ வைத்தவர் சிங்கவரம் ஏழுமலை என்ற கைடு, யாரும் கேட்காமல், தானாகவே. மற்றபடி வெளியான விவரங்கள் தவறு. சரிபார்க்காதது நான்.

நேற்று திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று ஒரு மனு கொடுத்தேன். பெயர் தெரியாத பழைய சமாதி, அளவு இவ்வளவு, படங்கள் இணைப்பு, இடிக்காமல் காக்க வேண்டும் என்று எழுதினேன். வேண்டுகோள் விடுப்பவர் என்ற இடத்தில் இங்கிலாந்துக் குடும்பம் இல்லை, என் பெயர் இருக்கிறது. மனு வாங்கியவர், “உங்களுக்கு இறந்தவர் இன்னா உறவு சார்?” என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எண் போட்டுக் கொடுத்தார். இது போதுமா என்று தெரியவில்லை. உங்கள் பொய்க்கு இருந்த பலம் என் உண்மைக்கு இருக்குமா?

மாமா, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளை மறுநாள் காலை நான் அங்கே இருப்பேன். ரோஜாவை அக்கா கொண்டுவருவாள், அது அவள் பாடு, அவள் புருஷனுக்காக வைக்கிறாள். நான் பூ வைக்கமாட்டேன். பெயிண்டும் பிரஷும் கொண்டுவந்து போர்டிலிருந்து அந்தப் பெயரை அழிப்பேன். ஜேசிபி வருகிற நாளில் அதற்கு முன்னால் போய் நிற்பேன், கையில் எந்த லெட்டரும் இல்லாமல். அக்காவைப் படத்தில் வெட்டமாட்டேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதி முடித்தால் அக்காவுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அது இன்னும் உறுதியாகாத செய்தி. உறுதியானதும் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன்.

உங்களை ஒருமுறைகூடக் கேட்காத,
உங்கள் மச்சான்
மூர்த்தி
செஞ்சி